"குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை" என்று தாய்மார்களிடம் சொல்வது சரியா?

செங்காந்தள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றின் நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் இடம்) ஆலோசகராகப் பணிபுரிகிறேன். எச்.ஐ.வி. தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தையை ஆறாவது வாரத்தில் வரவழைத்து, குதிகாலில் குத்தி எடுக்கும் இரத்தத்தை அட்டையில் பொட்டுப் பொட்டாக உலரவைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் வரை உடனிருப்பது என் வேலையின் ஒரு பகுதி. நான் படித்தது சமூகப்பணி. உயிரியல் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆகவே இந்தக் குழுவில் உள்ள மருத்துவர்களிடமும் ஆய்வாளர்களிடமும் கேட்கிறேன்.

சென்ற மாதம் ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "எனக்குத் தொற்று வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும்னு டாக்டர் சொல்றாங்க. ஒரு நாள்கூட நான் படுத்ததில்ல. பிள்ளைக்கு மட்டும் ரிசல்ட் வந்த அன்னைக்கே மருந்து ஆரம்பிக்கணும்னு ஏன் இவ்வளவு அவசரப்படுத்துறீங்க?" பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்தபடி, குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி இன்னும் வளரவில்லை என்று பதில் சொன்னேன். அவர் விடவில்லை. பிறந்த அன்றே பி.சி.ஜி., மஞ்சள் காமாலை ஊசி, போலியோ சொட்டு மருந்து எல்லாம் கொடுத்தார்களே, எதிர்ப்புச் சக்தியே இல்லாத குழந்தைக்கு அவை எப்படி வேலை செய்யும் என்று கேட்டார். அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்னொன்று. எதிர்ப்புச் சக்தி குறைவு என்று நாங்கள் சொல்லும் சொல்லைப் பிடித்துக்கொண்டு, அதைக் கூட்டுவதற்கென்று விற்கப்படும் டானிக்குகளைக் கடனுக்கு வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்கும் குடும்பங்கள் உண்டு. நாங்கள் சொல்லும் சொல்லே தவறா? தவறு என்றால் வேறு எப்படிச் சொல்வது?

பொருநைக்கரை

அம்மா, அந்தத் தாய் கேட்டது முதுநிலை மாணவர்களிடம் நாங்கள் தேர்வில் கேட்க வேண்டிய கேள்வி. குழந்தைகள் நல மருத்துவராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். 'எதிர்ப்புச் சக்தி வளரவில்லை' என்ற சொற்றொடரை நானும் நெடுங்காலம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். இப்போது சொல்வதில்லை. வளராமல் இருக்கிறது என்பதைவிட, வேறொரு வேலைக்குப் பழக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் உண்மைக்கு நெருக்கமானது.

கருவில் இருக்கும் குழந்தையின் நிலையை எண்ணிப் பாருங்கள். அதன் உடலில் பாதி தந்தையின் மரபு. தாயின் உடலுக்குக் குழந்தை ஓரளவு அந்நியம், குழந்தைக்குத் தாயும் ஓரளவு அந்நியம். நஞ்சுக்கொடி சுவர் போல நின்று இருவரையும் முற்றிலும் பிரித்துவைப்பதில்லை. தாயின் இரத்த அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தைக்குள் வருகின்றன. சான் பிரான்சிஸ்கோவில் மைக் மெக்கூனும் ஜெஃப் மோல்டும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், கருவின் நிணநீர் முடிச்சுகளில் தாயின் அணுக்கள் குடியேறியிருப்பதையும், அவற்றைத் தாக்காமல் பொறுத்துக்கொள்ளும்படி குழந்தையின் உடல் 'ஒழுங்குபடுத்தும் டி செல்கள்' என்னும் அமைதிக் காவலர்களை உருவாக்கிக்கொள்வதையும் காட்டினார்கள். அங்கே சண்டை மூண்டால் கருவே தங்காது. ஆகப் பொறுத்துப்போவது என்பது குழந்தையின் உடல் ஒன்பது மாதம் உழைத்துக் கற்ற பாடம். பிறந்த பிறகும் அந்தப் பாடம் சில காலத்துக்குத் தேவைப்படுகிறது, ஏனென்றால் முதல் சில நாட்களிலேயே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடலுக்குள் வந்து குடியேறுகின்றன. அவை ஒவ்வொன்றுக்கும் வீக்கமும் காய்ச்சலும் காட்டினால் குழந்தை பிழைக்காது.

இந்தப் பொறுமையைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளும் வைரஸ்கள் உண்டு. ஹெபடைடிஸ் பி ஒன்றையே பாருங்கள். அந்தத் தாய் சொன்ன மஞ்சள் காமாலை ஊசி இதற்குத்தான். வளர்ந்தவர்களைத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்குக்கூட அது நாள்பட்ட நோயாக மாறுவதில்லை. கண்ணும் சிறுநீரும் மஞ்சளாகி, சில வாரம் படுத்து எழுந்துவிடுவார்கள். அந்த மஞ்சள் காமாலையே, உடல் வைரஸை எதிர்த்துத் தன் கல்லீரல் செல்களையும் சேர்த்து அழிப்பதால் வருவது. பிறக்கும்போது தொற்றினால் நிலைமை தலைகீழ்: மஞ்சள் காமாலை பெரும்பாலும் வராது, குழந்தை கொழுகொழுவென்று வளரும், ஆனால் நூற்றில் ஏறத்தாழ தொண்ணூறு பேருக்கு வைரஸ் கல்லீரலிலேயே தங்கிவிடும். அதே குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் நல்ல எதிர்ப்பொருள் (கிருமியைப் பிணைத்துத் தடுக்கும் புரதம்) உருவாகிறது. தைவான் 1984இல் இந்தத் தடுப்பூசியைத் தேசியத் திட்டமாகத் தொடங்கிய பிறகு அங்கே குழந்தைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய் குறைந்தது. ஆகவே அந்தத் தாயிடம் நீங்கள் தயங்காமல் சொல்லலாம்: குழந்தையின் உடலுக்கு எதிர்க்கத் தெரியும். எதை எதிர்ப்பது, எதைப் பொறுப்பது என்ற கணக்குதான் நம்முடையதைப் போல் இல்லை. வைரஸின் ஒரு துண்டையோ வலுக்குறைத்த கிருமியையோ சரியான விதத்தில், சரியான அளவில் காட்டினால் அது கற்றுக்கொள்கிறது.

சரியான விதத்தில் காட்ட வேண்டும் என்பதற்கு ஒரு துயரமான சான்றும் உண்டு. சிசுக்களுக்கு மூச்சிரைப்பை உண்டாக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸுக்கு, ஃபார்மலினில் செயலிழக்கச் செய்த தடுப்பூசி ஒன்றை அமெரிக்காவில் 1966-67இல் சோதித்தார்கள். ஊசி பெற்றுப் பின்னர் இயற்கையாகத் தொற்றுக்கு ஆளான குழந்தைகளில் 80 சதவீதம் பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டியதாயிற்று. இரண்டு சிசுக்கள் இறந்தன. அந்த ஊசி எதிர்ப்பொருளை உண்டாக்கியது உண்மை. ஆனால் அது வைரஸைக் கட்டிப்போடும் தரத்தில் இல்லை. நுரையீரலில் ஒவ்வாமை போன்ற வீக்கத்தைத்தான் கிளப்பிவிட்டது. இப்போது கருவுற்ற தாய்க்கு ஊசி போட்டு அவளுடைய எதிர்ப்பொருளை நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குக் கொடுக்கும் முறை 2023 முதல் வந்திருக்கிறது.

இனி எச்.ஐ.வி. வளர்ந்தவர் ஒருவருக்குத் தொற்றினால் முதல் சில வாரங்களில் வைரஸ் மிக உயரத்துக்கு ஏறும். பிறகு சி.டி.8 செல்கள் என்னும் வெள்ளணுக்கள் திரண்டு வந்து, நோயுற்ற செல்களை அழித்து, சில மாதங்களில் அதை நூறு மடங்கோ அதற்கும் மேலோ கீழே இறக்கி ஒரு மட்டத்தில் நிறுத்திவிடும். அந்தத் தாய் ஏழெட்டு ஆண்டுகள் படுக்காமல் இருந்தது இதனால்தான். குழந்தையிடம் அந்த இறக்கம் நிகழ்வதில்லை, அல்லது ஆண்டுக்கணக்கில் மெல்ல நிகழ்கிறது. இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு லட்சக்கணக்கில் ஏறிய வைரஸ் முதல் இரண்டு வயது வரை பெரும்பாலும் அங்கேயே நிற்கும். மேலும் வளரும் குழந்தையின் தைமஸ் சுரப்பி நாள்தோறும் புதிய சி.டி.4 செல்களை (எதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளணுக்களை) உற்பத்தி செய்து அனுப்புகிறது, எச்.ஐ.வி.க்கு வேண்டிய வீடும் அதே செல்தான். வளர்ந்தவருக்கு மைக்ரோலிட்டருக்கு 500 முதல் 1500 வரை இருக்கும் அந்த எண்ணிக்கை, ஆரோக்கியமான சிசுவுக்கு 3000ஐ நெருங்கும். இதனால்தான் சிறு குழந்தைகளுக்கு 700 அல்லது 800 என்று வந்தால் போதுமானதாக இருக்கிறது என்று யாரும் ஆறுதல் கொள்ளக் கூடாது. வயதோடு சேர்த்து, சதவீதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மருந்து கிடைக்காத குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் இரண்டாவது பிறந்தநாளைப் பார்ப்பதில்லை என்பது ஆப்பிரிக்க ஆய்வுகளைத் தொகுத்து 2004இல் கண்ட கணக்கு. தொண்ணூறுகளில் நான் கண்ட குழந்தைகளை இப்போதும் மறக்க முடியவில்லை. மூன்று, நான்கு மாதக் குழந்தை. நிமிடத்துக்கு எழுபது முறை மூச்சு வாங்கும், விலா இடுக்குகள் உள்ளிழுக்கும், உதடு நீலம் பாயும். ஆனால் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தால் சளிச் சத்தமே கேட்காது. நியூமோசிஸ்டிஸ் நிமோனியா. வாய் நிறைய வெண்படலம் இருக்கும், தாய் அதைப் பால் படிந்தது என்று நினைத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருப்பாள். நம் நாட்டில் அரசின் இலவச ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யை அடக்கும் மருந்துச் சிகிச்சை) திட்டம் 2004 ஏப்ரலில்தான் தொடங்கியது. குழந்தைகளுக்கென்று தனித் திட்டம் 2006இல் வந்தது. அதற்கு முன் எங்களிடம் கோட்ரைமாக்சசோலைத் தவிர வேறு எதுவும் இல்லை. இன்றும் தொற்றுள்ள தாயின் குழந்தைக்கு ஆறாவது வாரத்திலிருந்து நீங்கள் கொடுக்கச் சொல்லும் அந்தச் சாதாரண மருந்து, இந்த நிமோனியாவைத் தடுப்பதற்கே.

அவசரம் ஏன் என்பதற்கு நேரடியான விடை தென்னாப்பிரிக்காவில் கேப்டவுனிலும் சோவெட்டோவிலும் நடந்த 'செர்' ஆய்வு. ஆறு முதல் பன்னிரண்டு வார வயதில், பார்வைக்கு நன்றாக இருந்த குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனே மருந்து தொடங்கினார்கள். மற்றப் பிரிவுக்கு அப்போதைய வழக்கப்படி நோய்க்குறியோ சி.டி.4 சரிவோ தெரியும் வரை காத்திருந்தார்கள். உடனே தொடங்கிய பிரிவில் இறப்பு 76 சதவீதம் குறைந்தது. காத்திருப்பது தவறு என்பது அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், உலக சுகாதார நிறுவனம் 2008இலேயே வழிகாட்டுதலை மாற்றிக்கொண்டது. பார்வைக்கு நன்றாக இருந்த குழந்தைகள் என்பதை அந்தத் தாயிடம் அழுத்திச் சொல்லுங்கள். அவர் கேட்ட கேள்விக்கு விடை அதில் இருக்கிறது.

வெள்ளணு

பொருநைக்கரை ஐயா சொன்னதோடு நான் பெரிதும் உடன்படுகிறேன். நோயெதிர்ப்பியலில் ஆய்வு செய்பவள் என்ற முறையில் ஒரு திருத்தமும் சில சேர்க்கைகளும் எழுதுகிறேன்.

திருத்தம் இதுதான். குழந்தையின் சி.டி.8 செல்கள் பொறுமைசாலிகள் என்பதால் மட்டும் எச்.ஐ.வி. கட்டுக்கடங்காமல் போவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கருவிலேயே சைட்டோமெகலோ வைரஸ் தொற்றிய குழந்தைகளைப் பெல்ஜியத்தில் ஆராய்ந்தபோது, பிறப்பதற்கு முன்பே வளர்ந்தவருக்கு இணையான, முதிர்ந்த சி.டி.8 செல்கள் அந்த வைரஸுக்கு எதிராகத் திரண்டிருப்பதை 2003இல் கண்டார்கள். ஆகத் திரட்ட முடிகிறது. அப்படித் திரட்டிய பிறகும் அந்தக் குழந்தைகளின் சிறுநீரிலும் எச்சிலிலும் ஆண்டுக்கணக்கில் வைரஸ் வெளியேறிக்கொண்டிருப்பது வேறு புதிர்.

எச்.ஐ.வி.யில் குழந்தைக்கு இருக்கும் தனிப்பட்ட பாதகம், வைரஸ் வரும் இடம். நம் செல்கள் தமக்குள் இருக்கும் வைரஸின் துண்டுகளை எச்.எல்.ஏ. என்னும் தாங்கிகளில் ஏற்றி வெளியே காட்டும், அதைப் பார்த்துத்தான் சி.டி.8 செல் நோயுற்ற செல்லை அடையாளம் காண்கிறது. எந்தத் துண்டு எந்தத் தாங்கியில் ஏறும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். தாயின் உடலில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த வைரஸ், அவளுடைய தாங்கிகளில் ஏறாதபடி தன்னை மாற்றிக்கொண்டுவிடுகிறது. குழந்தையின் தாங்கிகளில் பாதி தாயிடமிருந்து வந்தவை. ஆகவே ஊரார் ஒருவரிடமிருந்து தொற்று வந்திருந்தால் குழந்தைக்குக் கைகொடுத்திருக்கக்கூடிய தாங்கிகள், தாயிடமிருந்து வரும் வைரஸுக்கு ஏற்கெனவே பழக்கமானவை. எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்துவதில் பெயர்பெற்ற எச்.எல்.ஏ. வகைகளைத் தாயிடமிருந்து பெற்ற குழந்தைகளுக்குக்கூட அதன் பலன் கிடைக்காமல் போவதை இப்படித்தான் விளங்கிக்கொண்டோம். வீட்டுச் சாவியைத் தெரிந்துகொண்டு வரும் திருடன் என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

அடுத்தது, குழந்தைகள் நம்மை வியக்கவைக்கும் இடம். எச்.ஐ.வி.யின் பலப்பல வகைகளையும் ஒருசேரத் தடுக்கும் 'பரந்த வீச்சுள்ள' எதிர்ப்பொருள்கள் வளர்ந்த நோயாளிகளில் சிறுபான்மையினருக்கே உருவாகின்றன. அதற்கும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அந்த எதிர்ப்பொருள்களின் மரபணுவைப் பார்த்தால் எதிர்ப்பொருளை உருவாக்கும் பி செல் எண்ணற்ற முறை தன்னைத் திருத்தித் திருத்தி எழுதியிருப்பது தெரியும். நைரோபியில், மருந்துகள் புழக்கத்துக்கு வருவதற்கு முன் தொற்றுக்கு ஆளான சிசுக்களிடமிருந்து சேமித்துவைத்த இரத்தத்தை அமெரிக்க ஆய்வாளர் ஜூலி ஓவர்பா குழுவினர் ஆராய்ந்து 2014இல் வெளியிட்டபோது, பெரும்பாலான சிசுக்களுக்கு ஓரிரு ஆண்டுகளுக்குள்ளேயே அத்தகைய எதிர்ப்பொருள்கள் வந்திருந்தன. பதினைந்து மாதக் குழந்தை ஒன்றிடமிருந்து பின்னர் பிரித்தெடுத்த எதிர்ப்பொருளில் திருத்தங்கள் மிகக் குறைவு. புதுதில்லி எய்ம்ஸில் கல்பனா லூத்ரா குழுவினரும் நம் நாட்டுக் குழந்தை ஒன்றிடமிருந்து இவ்வகை எதிர்ப்பொருளைப் பிரித்து, அதற்கு எய்ம்ஸ்-பி01 என்று பெயரிட்டிருக்கிறார்கள். வளர்ந்தவர்கள் சுற்றுவழியில் சென்றடையும் இடத்தைக் குழந்தைகள் குறுக்குவழியில் அடைவது எப்படி என்பது, தடுப்பூசி தேடுவோர் அனைவரும் கூர்ந்து பார்க்கும் கேள்வி. அந்த எதிர்ப்பொருளால் அந்தக் குழந்தைக்குப் பலன் இல்லையா என்றால், அதற்குள் அவர்களுடைய சொந்த வைரஸ் பல கிளைகளாகப் பிரிந்து தப்பித்துவிடுகிறது என்பதே வருத்தமான விடை.

இனி டானிக். தாயிடமிருந்து தொற்றிய குழந்தைகளில் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேர், மருந்தே இல்லாமல், சி.டி.4 குறையாமல், பள்ளிப் பருவம் வரை நலமாக வளர்கிறார்கள். இவர்களுடைய வைரல் லோடு (இரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) குறைவாக இருக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். தென்னாப்பிரிக்காவில் இத்தகைய 170 குழந்தைகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டபோது, வைரஸ் பல்லாயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பதும், அதைக் கண்டு அவர்களுடைய உடல் பதறாமல் இருப்பதும் தெரியவந்தது. வளர்ந்தவர்களில் தானாகவே கட்டுப்படுத்துபவர்கள் போரிட்டு வெல்கிறார்கள். இந்தக் குழந்தைகள் போரையே மறுக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் சூட்டி மாங்கபே குரங்குகள் தமக்கே உரிய, எச்.ஐ.வி.க்கு உறவான எஸ்.ஐ.வி. வைரஸோடு நோயின்றி வாழ்வதும் இதே விதத்தில்தான். அமைதியாக இருக்கும் சி.டி.4 செல்லுக்குள் எச்.ஐ.வி.யால் எளிதில் பெருக முடியாது. தூண்டிவிடப்பட்ட செல்தான் அதற்கு உகந்த நிலம். எனவே 'எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும்' என்று விற்கப்படும் எதுவும் இந்தக் குழந்தைகளுக்கு உதவும் என்று நினைக்க அறிவியலில் இடமில்லை. அது உண்மையிலேயே தூண்டுமானால் கவலைப்படத்தான் வேண்டும். கடன் வாங்கும் அந்தப் பணத்துக்கு முட்டையும் பருப்பும் வாங்கலாம்.

ஒரு எச்சரிக்கை. மருந்தில்லாமலே சில குழந்தைகள் நன்றாக இருப்பார்களாம் என்று இதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் முன் இருக்கும் குழந்தை அந்தச் சிலரில் ஒன்றா, மீதிப் பெரும்பான்மையில் ஒன்றா என்று ஆறாவது வாரத்தில் யாராலும் கூற முடியாது.

ஆலமரத்தடி

ஓய்வு பெற்ற தமிழாசிரியன். அறிவியல் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் என் பேத்தியை நானும் என் மனைவியும்தான் வளர்க்கிறோம், அவளுக்குப் பிறவியிலேயே இந்தத் தொற்று. எங்கள் மகள் இப்போது இல்லை. செங்காந்தள் அவர்கள் இன்னொரு குடும்பத்துக்காவது சொல்லட்டும் என்று எங்கள் தவற்றை எழுதுகிறேன்.

இரண்டு மாதம் முடியும் முன்பே மருந்து தொடங்கிவிட்டோம். அப்போது கொடுத்த சிரப்பின் கசப்பை எழுத்தில் சொல்ல முடியாது. நானே ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்து அரை நாள் சாப்பிடாமல் இருந்தேன். காலை ஆறு, மாலை ஆறு. ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து, கன்னத்தின் உட்புறமாக விட்டு, அவள் விழுங்கும் வரை என் மனைவி தாடையைத் தடவிக்கொண்டே இருப்பாள். பாதியைத் துப்பினால் எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று தெரியாமல் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். தேன் தடவலாமா என்று கேட்டதற்கு, ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது என்று அங்கிருந்த செவிலியர் தடுத்துவிட்டார்.

இருபதாவது மாதத்தில் உறவினர் ஒருவர், வேறு ஊரில் ஒரு தனியார் ஆய்வகத்தில் அவளுக்கு இரத்தம் எடுத்துப் பார்த்தார். எச்.ஐ.வி. இல்லை என்று தாளில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். தொற்றுள்ள குழந்தை, மருந்தில் இருக்கிறது என்று நாங்களும் அவர்களிடம் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அன்று என் மனைவி அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தோம், மருந்தை நிறுத்திவிட்டோம். மையத்திலிருந்து வந்த அழைப்புகளை எடுக்கவில்லை. மூன்று மாதம் நன்றாக விளையாடினாள். பிறகு விடாத காய்ச்சல், கழுத்தில் இரு புறமும் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டிகள். ஏ.ஆர்.டி. மையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வைரல் லோடு பல லட்சம். அங்கே யாரும் எங்களைத் திட்டவில்லை. அன்று மாலை ஆறு மணிக்கே மருந்தை மறுபடியும் தொடங்கினோம்.

இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள், வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது. ஆனால் அந்தத் தாளில் 'இல்லை' என்று எப்படி வந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆய்வகத்தின் பிழையா?

செங்காந்தள்

ஐயா, இதை எழுதியதற்கு உங்கள் இருவருக்கும் என் வணக்கம். இதே போன்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு வந்த தாயை நானும் பார்த்திருக்கிறேன். வேறு யாருடைய இரத்தத்தோடோ மாறியிருக்கும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அதுவும் தவறோ என்று இப்போது தோன்றுகிறது. பிறந்தவுடனே மருந்து கொடுத்து ஒரு குழந்தை முற்றிலும் குணமானதாகச் செய்தி படித்த நினைவும் இருக்கிறது. வெள்ளணு அவர்கள் விளக்க முடியுமா?

வெள்ளணு

ஆய்வகம் இரத்தத்தை மாற்றியிருக்க வேண்டியதில்லை, ஐயா. பரிசோதனையும் பழுதில்லாமல் நடந்திருக்கலாம். அது தேடிய பொருள்தான் வேறு.

வழக்கமான விரைவுப் பரிசோதனை வைரஸைத் தேடுவதில்லை, வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுகிறது. பிறந்த குழந்தையிடம் அது இருந்தால் தாயினுடையதாக இருக்கலாம், ஏனென்றால் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நஞ்சுக்கொடி தாயின் எதிர்ப்பொருள்களைக் குழந்தைக்கு அள்ளி அள்ளிக் கொடுக்கிறது. அவை கரைந்து மறையப் பதினெட்டு மாதம் வரை ஆகலாம். ஆகவே தொற்றே இல்லாத குழந்தைக்கும் அதுவரை 'உண்டு' என்று காட்டலாம். உங்கள் பேத்திக்கு நடந்தது இதன் மறுபக்கம். இரண்டு மாதத்துக்குள் மருந்து தொடங்கியதால் வைரஸ் விரைவில் அடங்கிவிட்டது. அவளுடைய பி செல்கள் அதைப் போதிய அளவு பார்க்கவே இல்லை, பார்க்காததற்கு எதிர்ப்பொருள் செய்யவும் இல்லை. தாய் கொடுத்தவையும் காலப்போக்கில் கரைந்துவிட்டன. எனவே இருபதாவது மாதத்தில் 'இல்லை' என்று வந்தது. அந்தத் தாளுக்குப் பொருள், நீங்கள் அத்தனை நாள் சிரிஞ்சில் அளந்து கொடுத்த மருந்து நன்றாக வேலை செய்தது என்பதே. சி.டி.4 செல்களின் மரபணுவுக்குள் தன்னை எழுதிவைத்துவிட்டு உறங்கும் வைரஸை இந்தப் பரிசோதனையும் காணாது, மருந்தும் தொடாது. மருந்து நின்றால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே அது விழித்துக்கொள்ளும். அம்மா, தொற்று உறுதியாகி மருந்தில் இருக்கும் குழந்தைக்கு எதிர்ப்பொருள் பரிசோதனை செய்யவே கூடாது, வைரல் லோடு மட்டும்தான் பார்க்க வேண்டும் என்று உங்களிடம் வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் படித்த செய்தி மிசிசிப்பிக் குழந்தை பற்றியதாக இருக்கும். 2010இல் பிறந்த அந்தக் குழந்தைக்கு முப்பது மணி நேரத்தில் மருந்து தொடங்கினார்கள். ஒன்றரை வயதளவில் மருந்து நின்றுபோனது. பின்னர் வந்தபோது வைரஸைக் காணவில்லை. 2013 மார்ச்சில் உலகமே அதைக் கொண்டாடியது. 2014 ஜூலையில், மருந்தில்லாமல் 27 மாதங்கள் கழிந்த பிறகு, வைரஸ் திரும்பிவிட்டது. ஆனாலும் அந்த 27 மாதம் வீணில்லை. முதல் மணி நேரங்களிலேயே தொடங்கினால் உறங்கும் வைரஸின் சேமிப்பு மிகச் சிறியதாகிறது என்பதை அது காட்டியது. 'செர்' ஆய்வில் நாற்பது வாரம் மட்டும் மருந்து பெற்ற தென்னாப்பிரிக்கக் குழந்தை ஒன்று, ஒன்பதரை வயதிலும் மருந்தின்றி வைரஸ் அடங்கிய நிலையில் இருந்ததை 2017இல் அறிவித்தார்கள். பிறந்த 48 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கிய குழந்தைகளில் ஆறு பேருக்குக் கடும் கண்காணிப்பில் மருந்தை நிறுத்திப் பார்த்ததில், நான்கு பேர் 48 வாரமோ அதற்கு மேலோ வைரஸ் தென்படாமல் இருந்தார்கள் என்று 2024இல் அறிவிப்பு வந்தது. நால்வரில் ஒருவருக்கு 80 வாரத்தில் திரும்பிவிட்டது. என் சொந்தக் கருத்து, மருந்தில்லாத வாழ்வுக்கு வழி முதலில் திறக்குமானால் அது குழந்தைகளுக்குத்தான் திறக்கும். அமைதியான, நினைவுச் செல்கள் (முன்பு கண்ட கிருமியை நினைவில் வைத்திருக்கும் வெள்ளணுக்கள்) குறைந்த அவர்களுடைய உடலில் வைரஸ் ஒளிந்துகொள்ள இடம் குறைவு. ஆனால் இவையெல்லாம் வாரந்தோறும் இரத்தம் பார்க்கும் ஆய்வுக் கூடத்தில் நடப்பவை. வீட்டில் நிறுத்திப் பார்ப்பதற்கு உரியவை அல்ல.

மருதாணி

கிராம சுகாதாரச் செவிலியர். ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டுவைப்பது, சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவது, சில இடங்களில் கழுதைப்பால் கொடுப்பது ஆகியவை இன்னும் நிற்கவில்லை. தொற்றுள்ள தாய் மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டு தாய்ப்பால் மட்டும் கொடுப்பதைவிட, தாய்ப்பாலும் இவையும் கலந்து கொடுப்பதுதான் ஆபத்து என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். காரணம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

பொருநைக்கரை

சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்து 1999இல் வெளியான ஆய்வில்தான் இது முதலில் தெரிந்தது. தாய்மாருக்கு மருந்து கிடைக்காத காலம் அது. அப்போதே, தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளைவிடக் கலப்புணவு பெற்ற குழந்தைகளுக்கே தொற்று கூடுதலாக இருந்தது. வேற்றுப் பொருள் குடலின் மெல்லிய உட்சுவரைப் புண்படுத்தி, அங்கே வீக்கத்தை உண்டாக்கி, சி.டி.4 செல்களை அந்த இடத்துக்கே வரவழைக்கிறது என்பது நாங்கள் கருதும் காரணம். வெள்ளணு சொன்ன தூண்டப்பட்ட செல்தான் இங்கும். தாய்ப்பாலில் வைரஸ் இருக்கலாம், ஆனால் அதைப் பிணைக்கும் எதிர்ப்பொருள்களும் குடலைக் காக்கும் பொருள்களும் அதே பாலில்தான் இருக்கின்றன. மருந்தால் தாயின் வைரல் லோடு அடங்கியிருந்தால் பால் வழியாகத் தொற்றும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும். இலங்கை 2019இல் தாய்வழித் தொற்றை ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது, கருவுற்ற ஒவ்வொரு பெண்ணையும் பரிசோதித்து உரிய காலத்தில் மருந்து தொடங்கியதால்தான்.

செங்காந்தள் அம்மாவுக்குக் கடைசியாக ஒரு வேலைக் குறிப்பு. ஆறாவது வாரத்தில் வைரஸ் இல்லை என்று வந்தால் அத்தோடு விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. பிரசவ நேரத்தில் தொற்றிய வைரஸ் இரத்தத்தில் தெரியும் அளவுக்குப் பெருகச் சில வாரம் பிடிக்கும் என்பதற்காகத்தான் ஆறாவது வாரத்தைத் தேர்ந்தோம். பால் குடிக்கும் வரை அதன் வழியே தொற்றும் வாய்ப்பு தொடர்கிறது. ஆகவே ஆறாவது மாதம், பன்னிரண்டாவது மாதம் இரண்டுக்கும் அழைத்துவிடுங்கள். பதினெட்டாவது மாதம், அல்லது பாலை நிறுத்தி மூன்று மாதம், இவற்றில் எது பின்னால் வருகிறதோ அன்று எடுக்கும் முடிவையே இறுதியாகக் கொள்ளுங்கள். ஆறாவது வாரத்தில் 'உண்டு' என்று வந்தால், உறுதிப்படுத்த இரண்டாவது மாதிரியை எடுத்து அனுப்புங்கள், ஆனால் அதன் முடிவு வரும் வரை மருந்துக்காகக் காத்திருக்கவைக்காதீர்கள். இந்தக் குழந்தைகள் அதிகமாக இறப்பது இரண்டாவது, மூன்றாவது மாதத்தில். இப்போது தண்ணீரில் கரையும் டோலுடெக்ராவிர் என்னும் எச்.ஐ.வி. மாத்திரை வந்திருக்கிறது. ஆலமரத்தடி ஐயாவின் வீட்டில் பட்ட கசப்பு இனி வரும் குழந்தைகளுக்கு இருக்காது.